பயிர் வெளிறினால் எதைச் சோதிப்பது? மதுரை வட்டார வயல்களுக்கு அறிகுறி வாரியான வழிமுறை

நெல் நட்ட இருபதாம் நாள் வரப்பில் நின்று பார்க்கும்போது பயிர் திட்டுத்திட்டாக வெளிறியிருந்தால், நம் பக்கத்தில் பெரும்பாலோர் செய்கிற முதல் காரியம் ஒரு மூட்டை யூரியா வாங்கி வந்து வீசுவதுதான். பயிர் பச்சை கட்டினால் தழைச்சத்துக் குறை என்று முடிவு செய்கிறோம். கட்டாவிட்டால் இன்னொரு மூட்டை வாங்குகிறோம். இப்படிப் போட்டுப் பார்ப்பதைப் பரிசோதனை என்று சொல்ல முடியாது, ஏனெனில் வயல் முழுவதும் உரம் விழுந்த பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு உரமிடாத இடம் எதுவும் மிச்சமிருப்பதில்லை. அதற்குள் தூர் கட்டும் நாட்களும் கடந்துவிடுகின்றன; கடந்த நாட்களை எந்த உரமும் மீட்டுத் தராது.

பேரணையிலிருந்து கள்ளந்திரி வரையுள்ள இருபோகப் பாசனப் பகுதி, மேலூர்ப் பக்கத்துச் செம்மண், திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கத்துக் கரிசல், மல்லிகைத் தோட்டங்கள் ஆகிய இடங்களில் பருவத்தின் நடுவே தென்படுகிற அறிகுறிகளையும், ஒவ்வொன்றுக்கும் எந்தச் சோதனை விடை தரும், விடை கிடைத்த பிறகு அந்தப் பருவத்திலேயே என்ன செய்யலாம் என்பதையும் இங்கே எழுதியிருக்கிறேன். மண் பரிசோதனை அடியுரத்தைத் தீர்மானிப்பதற்கு மிகவும் ஏற்றது. பயிர் நிற்கும்போது எழுகிற கேள்விகளுக்கு இலையும் வேருமே விரைவில் பதில் சொல்கின்றன. இரண்டையும் சேர்த்து வாசிக்கப் பழகிக்கொண்டால் பாதிச் சிக்கல் வயலிலேயே தீர்ந்துவிடும்.

எந்த அறிகுறிக்கும் முன்னால் கேட்க வேண்டியவை

முதலாவதாக, வெளிறியிருப்பது அடி இலையா, குருத்தை ஒட்டிய புது இலையா என்று பாருங்கள். தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்), மெக்னீசியம் ஆகியவை பயிருக்குள் நகரக்கூடியவை. பற்றாக்குறை வந்ததும் பயிர் பழைய இலையிலிருந்து அவற்றை உருவிப் புது இலைக்கு அனுப்பிவிடும். அதனால் இவற்றின் குறை அடி இலையில்தான் முதலில் தெரியும். இரும்பு, கந்தகம், போரான், சுண்ணாம்புச் சத்து ஆகியவை எளிதில் நகராததால் இவற்றின் குறை புது இலையில் தெரியும். துத்தநாகம் இடைப்பட்டது, நெல்லில் அதன் துருப்புள்ளிகள் அடி இலைகளில் விழும், அதே சமயம் புது இலையின் நடுநரம்பு அடிப்பகுதியில் வெளுத்திருக்கும்.

இரண்டாவதாக, வெளிறல் வயல் முழுவதும் சீராக இருக்கிறதா, திட்டாக இருக்கிறதா, கோடாக இருக்கிறதா என்று பாருங்கள். நேர்கோடாக வெளிறியிருந்தால் அது பெரும்பாலும் உரம் வீசிய கை விட்ட இடைவெளிதான். பள்ளத்தில் மட்டும் என்றால் தண்ணீர் தேங்குவதைச் சந்தேகிக்க வேண்டும். மேட்டில் மட்டும் என்றால், சமன் செய்தபோது மேல்மண் வழிக்கப்பட்டு அடிமண் வெளியே வந்திருக்கலாம்.

மூன்றாவதாக, இரண்டு குத்துகளைப் பிடுங்கி வாய்க்கால் தண்ணீரில் வேரை அலசிப் பாருங்கள். ஒன்று நல்ல இடத்திலிருந்தும் ஒன்று வெளிறிய இடத்திலிருந்தும் எடுக்க வேண்டும். வெண்மையான புது வேர்கள் இருந்தால் சத்துக் குறையைப் பற்றி மேலே யோசிக்கலாம். வேர் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் வீசினால், மண்ணில் காற்றோட்டமின்றி வேர் மூச்சுத் திணறுகிறது என்று பொருள். அந்த நிலையில் எந்த உரமும் ஏறாது. தண்ணீரை வடித்து, மண்ணில் மெல்லிய வெடிப்புக் காணும் வரை காய விட்டு, புது வேர் இறங்கிய பிறகே உரத்தைப் பற்றிப் பேச வேண்டும். பசுந்தாள் பூண்டை மடக்கி உழுது அது மட்குவதற்குள் நட்ட வயல்களில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

வயல் முழுவதும் சீராக வெளிர்பச்சை. அடி இலை நுனியிலிருந்து மஞ்சளாகிறது

நெல்லில் இது தழைச்சத்துக் குறையின் முகம். இதற்கு ஆய்வகம் தேவையில்லை, வெளிர்பச்சை முதல் கரும்பச்சை வரை எண்ணிட்ட பட்டைகள் கொண்ட இலை வண்ண அட்டை போதும். மேலிருந்து மூன்றாவதாக உள்ள, முழுவதும் விரிந்த இலையைக் கிள்ளாமல், அதன் நடுப்பகுதியை அட்டையின் மேல் வைத்து நிறத்தை ஒப்பிட வேண்டும். காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், வெயில் அட்டையின் மேல் நேராக விழாதபடி சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, நம் நிழலிலேயே பார்க்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் ஒரே ஆள் பார்ப்பது நல்லது, ஏனெனில் கண்ணுக்குக் கண் நிறம் மாறுபடும். வயலில் பத்து இடங்களில் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நட்ட வயலில் 14 ஆம் நாளிலிருந்தும், நேரடி விதைப்பில் 21 ஆம் நாளிலிருந்தும் தொடங்கி, கதிர் வெளிவரும் வரை வாரம் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். வெள்ளைப் பொன்னி போல உரத்துக்கு அதிகம் இடம் தராத ரகங்களுக்கு வரம்பு எண் 3. மற்ற ரகங்களுக்கும் வீரிய ஒட்டு ரகங்களுக்கும் 4. பத்தில் ஆறு இடங்களில் இந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் மட்டும் தழைச்சத்து இட வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி ஒரு தடவைக்கு எக்டருக்கு வறண்ட பருவத்தில் 35 கிலோ, மழைப் பருவத்தில் 30 கிலோ தழைச்சத்து. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து இருப்பதால், ஏக்கர்க் கணக்கில் அது முறையே சுமார் 30 கிலோவும் 26 கிலோவும் ஆகும். 45 கிலோ மூட்டையை அப்படியே ஒரு ஏக்கரில் கொட்டுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை நிதானமாகப் போட்டுப் பார்க்க வேண்டும். கூடுதலாக விழுகிற 15 கிலோ, பயிரை மெத்தென்று வளர்த்துப் புகையான் பூச்சியையும் குலைநோயையும் அழைத்து வரும்.

அட்டை எண் வரம்புக்கு மேல் இருக்கிறது, ஆனாலும் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது என்றால் யூரியா இடாதீர்கள். அடுத்த அறிகுறிகளைப் பாருங்கள். அட்டை எண் வரம்புக்குக் கீழே இருந்து, யூரியா இட்டு, ஒரு வாரத்திற்குப் பிறகும் எண் ஏறவில்லை என்றால், இட்ட யூரியா எங்கே போனது என்று கேட்க வேண்டும். நம் பகுதியில் இதற்கு இரண்டு காரணங்கள் அதிகம். காரத்தன்மையுள்ள வயலில் நிறைய நிற்கும் தண்ணீரின் மேல் யூரியாவை வீசினால், அதில் ஒரு பகுதி அம்மோனியா வாயுவாகக் காற்றில் கலந்துவிடும். இன்னொன்று முறைத் தண்ணீர். வாய்க்காலில் முறை மாறி வயல் காய்ந்து கிடக்கும் நாட்களில் மண்ணிலுள்ள தழைச்சத்து நைட்ரேட்டாக மாறுகிறது. அடுத்த முறை வந்து வயல் நிரம்பியதும், காற்றில்லாத சேற்றில் அந்த நைட்ரேட் வாயுவாகிப் போய்விடுகிறது. ஆகவே தண்ணீரைச் சேற்றோடு ஒட்டுமளவுக்கு வடித்து, யூரியாவை இட்டு, மறுநாளோ அதற்கடுத்த நாளோ தண்ணீர் கட்ட வாய்ப்புள்ள நாளாகப் பார்த்து மேலுரம் இடுங்கள். வாய்க்கால் மூடப்போகிற நாளுக்கு முந்தைய நாள் உரமிடுவது வீண்.

நட்ட இரண்டு முதல் நான்கு வாரத்தில் திட்டுத்திட்டாகக் குட்டை. அடி இலைகளில் துரு நிறப் புள்ளிகள்

இதுதான் நம் வட்டாரத்தில் யூரியாவால் மிக அதிகமாகத் தவறாக வைத்தியம் பார்க்கப்படுகிற நோய். வட இந்தியாவில் கைரா என்று அழைக்கப்பட்ட இந்த நோய் துத்தநாகக் குறையால் வருவது என்பதைப் பந்த்நகரில் நெனே என்ற அறிவியலாளர் 1966 இல் எடுத்துக்காட்டினார். மேலூர்ப் பக்கம் ஒரு வயலுக்குப் போனபோது, "தம்பி, ரெண்டு தடவை யூரியா போட்டாச்சு, பயிர் எந்திரிக்கவே மாட்டேங்குது" என்று ஒரு பெரியவர் சொன்னார். வயலில் இறங்கி ஒரு குத்தை விரித்துப் பார்த்தேன். அடியிலிருந்து இரண்டாவது மூன்றாவது இலைகளில் கடுகளவு பழுப்புப் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, காய்ந்த வெற்றிலைக் கறை போலப் படர்ந்திருந்தன. புது இலையை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தபோது நடுநரம்பின் அடிப்பாகம் வெள்ளையாகத் தெரிந்தது. வரப்போரம் மட்டும் பயிர் நன்றாக இருந்தது. அங்கே தண்ணீர் குறைவு, மண்ணில் காற்றோட்டம் அதிகம். வயலின் நடுவில் எப்போதும் தண்ணீர் நின்றது. அடியுரமாக மணிச்சத்து மிகுந்த டி.ஏ.பி. உரம் இரண்டு மூட்டை போட்டிருந்தார்.

நிற்கும் தண்ணீரும் டி.ஏ.பி.யும் சேர்ந்தால் துத்தநாகம் பயிருக்குக் கிடைப்பது குறையும். தொடர்ந்து நிற்கும் தண்ணீர், மண்ணிலோ கிணற்று நீரிலோ உள்ள பைகார்பனேட், அளவுக்கு மீறிய மணிச்சத்து ஆகிய ஒவ்வொன்றும் துத்தநாகத்தை வேருக்கு எட்டாமல் செய்யும். மண்வள அட்டை (மண் பரிசோதனை முடிவுகளை அச்சிட்டு அரசு தரும் அட்டை) இருந்தால் துத்தநாக எண்ணைப் பாருங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: நாட்டளவில் பொதுவாகக் கொள்ளப்படும் வரம்பு 0.6 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 0.6 பங்கு); தமிழ்நாட்டு மண்ணுக்குப் பல்கலைக்கழகம் கொள்ளும் வரம்பு 1.2 பி.பி.எம். அட்டையில் 0.9 என்றிருந்து, எதிரே போதுமானது என்று அச்சிட்டிருந்தாலும், நெல் வயலில் அந்த எண்ணை நான் போதுமானதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பயிர் நிற்கும்போது செய்ய வேண்டியது தெளிப்பு. பத்து லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் துத்தநாக சல்பேட், 100 கிராம் யூரியா என்ற அளவில் கரைத்து, இலை நனையும்படி மாலையில் தெளித்து, 15 நாள் கழித்து மீண்டும் ஒருமுறை தெளிக்கலாம். வயலை ஓரிரு நாள் வடிய விடுவதும் உதவும். பழுப்பான இலை பச்சையாகாது. ஆகவே அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அடுத்து விரிகிற இலையில் புள்ளி இல்லாமல் வருகிறதா என்று பாருங்கள். அடுத்த பருவத்தில், கடைசி உழவு முடிந்து சமன் செய்தபின், ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ உலர்ந்த மணலோடு கலந்து வீசி, அதன்பின் நடலாம். டி.ஏ.பி.யோடு ஒரே சட்டியில் கலந்து வீசக்கூடாது. இரண்டும் சேர்ந்து கரையாத பொருளாகிப் போட்ட காசு மண்ணோடு போகும்.

பயிர் கரும்பச்சை, ஆனால் வளர்ச்சியும் தூரும் இல்லை

மணிச்சத்துக் குறையில் இலை வெளிறாது. கரும்பச்சையாகவோ சற்று ஊதா கலந்தோ நிமிர்ந்து நிற்கும், தூர் குறையும். ஆனால் ஆண்டுதோறும் டி.ஏ.பி. விழுகிற வயல்களில் உண்மையான மணிச்சத்துக் குறை அரிது. மண்வள அட்டையில் எக்டருக்கு 22 கிலோவுக்கு மேல் இருந்தால் சந்தேகத்தை விட்டுவிடலாம். 11 க்குக் கீழே இருந்தால் குறை உண்மையே. ஆனால் நட்டு ஒரு மாதம் கடந்த பிறகு மேலே வீசும் மணிச்சத்து அந்தப் பயிருக்குப் பெரிதாகப் பயன்படாது. அது மண்ணில் நகராது, விழுந்த இடத்திலேயே பிடிபட்டு நின்றுவிடும். அடுத்த அடியுரத்தில் சரி செய்யுங்கள்.

அடி இலையின் ஓரம் தீய்ந்ததுபோலக் காய்கிறது

இங்கே இரண்டு வேறுபட்ட காரணங்கள் ஒரே முகத்தைக் காட்டுகின்றன. சாம்பல் சத்துக் குறையில் முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் மஞ்சளாகிப் பின் பழுப்பாகும். அது வயலில் பரவலாக இருக்கும். பாக்டீரியா இலைக்கருகலில் நுனியிலிருந்து ஓரம் வழியாக நெளிநெளியான விளிம்போடு வைக்கோல் நிறக் கருகல் இறங்கும். மழையும் காற்றும் அடித்த பின் திட்டாகத் தொடங்கிப் பரவும். பிரித்தறிய ஒரு கண்ணாடித் தம்ளரும் தெளிந்த தண்ணீரும் போதும். கருகலும் பச்சையும் சேரும் இடத்தில் இலையை வெட்டி, வெட்டுவாயைத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சில நிமிடம் அசைக்காமல் பாருங்கள். வெட்டுவாயிலிருந்து பால் போன்ற இழை இறங்கித் தண்ணீர் கலங்கினால் அது பாக்டீரியா. தண்ணீர் தெளிவாகவே இருந்தால் சத்தைச் சோதிக்கலாம். இந்தச் சோதனை செய்யாமல் யாரும் இந்த அறிகுறிக்கு யூரியா இட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன், ஏனெனில் இலைக்கருகல் தழைச்சத்தைத் தின்று வளரும்.

மண்வள அட்டையில் சாம்பல் சத்து எக்டருக்கு 118 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறைவு, 118 முதல் 280 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். கரிசலில் பெரும்பாலும் போதுமான அளவு இருக்கும். மணற்பாங்கான செம்மண்ணிலும், வைக்கோலை ஒரு தாள் விடாமல் அள்ளிச் செல்லும் வயல்களிலும் குறையும். நெல் உறிஞ்சிய சாம்பல் சத்தில் பெரும்பங்கு நெல்மணியில் இருப்பதில்லை, வைக்கோலில்தான் இருக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். பருவத்துக்குள் சரி செய்ய, கதிர் உருவாகும் தருணத்தில் தழைச்சத்தோடு சேர்த்துப் பொட்டாஷ் இடலாம்.

சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கத்து வாழைத் தோட்டங்களில் அடி இலையின் ஓரம் ஆரஞ்சு மஞ்சளாகி, நடுநரம்பு ஒடிந்து தொங்கினால் அதுவும் சாம்பல் சத்தின் பசியே. வாழை மற்றப் பயிர்களைவிடப் பல மடங்கு அதை உண்ணும்.

புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

நிலக்கடலையிலும் மல்லிகையிலும் மேட்டு நாற்றங்காலிலும் இதைப் பார்க்கலாம். இரும்புக் குறையில் குருத்து இலையின் நரம்புகள் பச்சையாக வலைபோலத் தெரிய, இடைப்பகுதி மஞ்சளாகி, முற்றினால் வெள்ளையாகிவிடும். நரம்பும் சேர்ந்து இலை முழுவதும் ஒரே மஞ்சளாக இருந்தால் கந்தகத்தைச் சந்தேகியுங்கள்.

நம் மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். சுண்ணாம்பு கலந்த, காரத்தன்மையுள்ள மண்ணில் அது வேர் எடுக்க முடியாத வடிவத்தில் அடைபட்டுக் கிடக்கிறது. இதை உறுதி செய்ய ஒரு கைப்பிடி உலர்ந்த மண்ணின் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில துளிகள் விட்டுப் பாருங்கள். பொங்கி நுரைத்தால் சுண்ணாம்பு உண்டு. சுண்ணாம்பில்லாத மண்ணில் இரும்பின் வரம்பு 3.7 பி.பி.எம்., சுண்ணாம்பு மண்ணில் 6.3 பி.பி.எம். என்று தனித்தனியாக வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

அன்னபேதியை (இரும்பு சல்பேட்) அப்படிப்பட்ட மண்ணில் தூவினால் அதுவும் அடைபட்டுவிடும் என்பதால் இலைவழித் தெளிப்பே வழி. மல்லிகைக்கு லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி, மாதம் ஒருமுறை, அறிகுறி மறையும் வரை; நிலக்கடலைக்கு லிட்டருக்கு 10 கிராம், பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை. வாங்கும்போது அன்னபேதி வெளிர்பச்சையாக இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் அது கெட்டுவிட்டது. கரைசல் தேநீர் நிறத்துக்கு மாறினாலும் தெளிக்காதீர்கள். லிட்டருக்கு ஒரு கிராம் சிட்ரிக் அமிலம் சேர்த்தால் அது மாறாமல் இருக்கும். மல்லிகையில் தெளித்தும் பச்சை திரும்பவில்லை என்றால், செடியின் அடியைத் தோண்டி வேரில் முடிச்சுகளோ அழுகலோ இருக்கிறதா என்று பாருங்கள். நூற்புழுவும் வேரழுகலும் இதே மஞ்சளைத் தரும், அதற்கு அன்னபேதி மருந்தாகாது.

நிலக்கடலையில் கந்தகக் குறைக்கும் பொக்குக் காய்க்கும் (பருப்பில்லாத காய்) சேர்த்து, 40 முதல் 45 ஆம் நாளுக்குள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைப்பது நன்கு அறிந்த முறை.

பருத்தி இலை சிவக்கிறது

திருமங்கலம், பேரையூர்க் கரிசலில் காய் பிடிக்கும் நேரத்தில் இது தொடங்கும். முதிர்ந்த இலையில் நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி சிவந்தால் மெக்னீசியக் குறை. இலையின் ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டு, ஓரத்திலிருந்து சிவந்தால், இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். பக்கவாட்டில் ஓடுகிற தத்துப்பூச்சிகள் தென்படும். இரண்டுக்கும் மருந்து வேறு. மெக்னீசியத்துக்கு 5 சதவீத மெக்னீசியம் சல்பேட், ஒரு சதவீத யூரியா, 0.1 சதவீதத் துத்தநாக சல்பேட் கலந்த கரைசலை 50 ஆம் நாளும் 80 ஆம் நாளும் தெளிக்கப் பரிந்துரை உண்டு.

இலை நுனி கருகுகிறது. காய்ந்த மண்ணில் வெள்ளைப் பூப்பு

இது மண்ணில் சேர்ந்த உப்பின் அறிகுறி. உரத்தால் தீராது, உரத்தால் கூடும். உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்தும் திறன் மீட்டருக்கு ஒரு டெசிசைமனுக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும், 3 ஐத் தாண்டினால் பயிருக்குக் கேடு; அது உவர். கார அமில நிலை (pH) 8.5 க்கு மேல் போய், மண் காயும்போது ஓடு போல இறுகினால் அது களர். இரண்டில் எது என்று தெரியாமல் ஜிப்சம் கொட்டக்கூடாது; உவருக்கு நல்ல தண்ணீரால் அலசி வடிப்பதும், களருக்கு ஜிப்சமும் வடிகாலும் பசுந்தாள் உரமும் தேவை. மண்ணோடு கிணற்றுத் தண்ணீரையும் சோதிக்கக் கொடுங்கள். தாளில் எஞ்சிய சோடியம் கார்பனேட் லிட்டருக்கு 1.25 மில்லி ஈக்விவலன்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 2.5 க்கு மேல் பாசனத்துக்கு ஏற்றதன்று. ஆழ்துளைக் கிணறு இறக்கிய பிறகு பயிர் மாறியது என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது தண்ணீர்ச் சோதனைத் தாளைத்தான்.

மண்வள அட்டை ஒன்று சொல்கிறது, பயிர் வேறொன்று சொல்கிறது

2015 பிப்ரவரியில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில், பாசன நிலத்தில் 2.5 எக்டர்க் கட்டத்துக்கு ஒரு மாதிரி என்ற கணக்கில் மண் எடுக்கப்பட்டது. உங்கள் அட்டையிலுள்ள எண் பக்கத்து வயல்காரருடைய மண்ணையும் சேர்த்ததாக இருக்கலாம். ஆகவே அட்டையைப் பொதுவான வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, சந்தேகமுள்ள வயலுக்குத் தனியாக மண் எடுத்துக் கொடுங்கள். ஒத்தக்கடை அருகே 1965 இல் தொடங்கப்பட்ட வேளாண்மைக் கல்லூரி வளாகத்தையோ வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தையோ அணுகலாம்.

தனியாக எடுத்தும் முரண் வந்தால், தவறு பெரும்பாலும் மண் எடுத்த கையில் இருக்கும். ஒருமுறை நானே அவசரத்தில், காலியான பொட்டாஷ் சாக்கை உதறி அதில் மண்ணைக் கட்டிக் கொண்டுபோனேன். முடிவில் சாம்பல் சத்து அந்த மண்ணுக்கு இருக்க முடியாத அளவுக்கு உயர்ந்து வந்தது. அதை நம்பி அந்த வயலுக்குப் பொட்டாஷைக் குறைக்கச் சொல்லியிருந்தால் ஒரு குடும்பத்தின் மகசூல் போயிருக்கும். மறுநாளே மீண்டும் மண் எடுத்தேன். அன்றிலிருந்து துவைத்த துணிப்பையைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை.

வயலில் வரப்போரம், வாய்க்கால், எருக்குழி, மரநிழல் ஆகியவற்றைத் தவிர்த்துக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, பத்து முதல் பதினைந்து இடங்களில் மண் எடுக்க வேண்டும். மேலேயுள்ள சருகை மட்டும் விலக்கிவிட்டு, ஆங்கில வி எழுத்தைப் போல மண்வெட்டியால் வெட்டி, அந்த மண்ணை அப்புறப்படுத்திவிட்டு, வெட்டிய சரிவில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாகச் சுரண்டி எடுங்கள். நெல், நிலக்கடலைக்கு 15 செ.மீ. ஆழம், பருத்தி, கரும்பு, வாழைக்கு 22.5 செ.மீ. நுண்ணூட்டம் பார்க்க வேண்டுமானால் துருப்பிடித்த கருவியும் துத்தநாகப் பூச்சுள்ள வாளியும் கூடாது. மூங்கில் குச்சியும் பிளாஸ்டிக் வாளியும் போதும். எல்லா மண்ணையும் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பாகங்களைத் தள்ளி, அரை கிலோ வரும் வரை இதைத் திரும்பச் செய்து, நிழலில் உலர்த்துங்கள். சமீபத்தில் உரமிட்ட வயலில் மண் எடுத்தால் உரத்தைத்தான் அளப்பீர்கள்.

எண்களை வாசிக்கும்போது தழைச்சத்து எக்டருக்கு 280 கிலோவுக்குக் கீழே குறைவு, 450 க்கு மேல் அதிகம் என்பதும், அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே குறைவு என்பதும் உதவும். நம் பக்கத்தில் தழைச்சத்து குறைவு என்றே பெரும்பாலான தாள்களில் வரும்; அதனால் அந்த ஒரு எண் மேலுரத்தைத் தீர்மானிக்க உதவாது, அதற்கு இலை வண்ண அட்டையே சரி. மணிச்சத்தும் சாம்பல் சத்தும் அதிகம் என்று வந்தால் பொதுப் பரிந்துரையிலிருந்து கால் பங்கு குறைக்கலாம். குறைவு என்றால் கால் பங்கு கூட்டலாம்.

இலையை ஆய்வகத்துக்குக் கொடுப்பதானால் பயிருக்கேற்ற இலையை எடுக்க வேண்டும்: நெல்லில் நுனியிலிருந்து மூன்றாவது இலை, பருத்தியில் நான்காவது இலையின் காம்பு, வாழையில் மூன்றாவது இலை, காய்க்கும் தென்னையில் பதினான்காவது மட்டையின் கீற்று. நோயுள்ள இடத்திலிருந்து ஒரு கட்டும், அதே வயலின் நல்ல இடத்திலிருந்து ஒரு கட்டும் தனித்தனிக் காகித உறையில் கொடுங்கள். பிளாஸ்டிக் உறையில் இலை வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். தெளிப்பு அடித்த இலையைக் கொடுத்தால் விடை பொய்யாகும்.

இவை எதிலும் பொருந்தவில்லை

இரண்டு குறைகள் சேர்ந்து வந்தால் இலை தெளிவாகப் பேசாது. ஆய்வக முடிவுக்குக் காத்திருக்கவும் நாள் இருக்காது. அப்போது வயல் முழுவதிலும் எதையும் வீசாமல், வெளிறிய இடத்தில் பக்கம் பக்கமாக நான்கு சிறு பாத்திகளைக் குச்சி நட்டுப் பிரியுங்கள். ஒவ்வொன்றும் ஐந்தடிக்கு ஐந்தடி இருந்தால் போதும். ஒன்றில் ஒரு சதவீத யூரியா மட்டும், அடுத்ததில் அதே யூரியாவோடு அரை சதவீதத் துத்தநாக சல்பேட், மூன்றாவதில் அதே யூரியாவோடு அரை சதவீத அன்னபேதி தெளித்து, நான்காவதை வெறுமனே விடுங்கள். காற்றில்லாத மாலையில், ஒரு பாத்தியின் தெளிப்பு அடுத்ததில் விழாதபடி நடுவே ஒரு சாக்கைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் காலையில் போய், அதன்பின் விரிந்த புது இலைகளை மட்டும், தெளிக்காத பாத்தியின் புது இலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். யூரியா மட்டும் தெளித்த பாத்தியே தேறியிருந்தால் பசி தழைச்சத்தினுடையது. துத்தநாகப் பாத்தி அதைவிட முந்தியிருந்தால் விடை துத்தநாகம், அன்னபேதிப் பாத்தி முந்தியிருந்தால் இரும்பு. நான்கும் ஒன்றுபோலவே இருந்தால் மீண்டும் ஒரு குத்தைப் பிடுங்கி வேரைப் பாருங்கள், கிணற்றுத் தண்ணீரை ஒரு சுத்தமான பாட்டிலில் பிடித்து, வயலின் பெயரும் சர்வே எண்ணும் தேதியும் எழுதி ஒட்டி, சோதனைக்குக் கொடுங்கள்.